ஹாக்மேன்: எந்த இதழில் தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசி காமிக்ஸின் இறக்கை கட்டிய நாயகன் ஹாக்மேனின் 2002 தொடரில் முதல் பத்து இதழ்களும் ‘ஹாக்வேர்ல்ட்’ மூன்று இதழ்களும் படித்தேன். ஒன்றில் அவன் மறுபிறவி எடுத்த எகிப்து இளவரசன், கார்ட்டர் ஹால். இன்னொன்றில் தானகர் கிரகத்துப் போலீஸ்காரன், கட்டார் ஹோல். எது அசல்? இந்தக் குழப்பம் யார் செய்தது? எங்கிருந்து படிப்பது? ‘தி ஆட்டம் அண்ட் ஹாக்மேன்’ தொடரின் முதல் 38 இதழ்கள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்த 38 இதழ்களைத் தேடாதீர்கள், அப்படி எதுவும் வரவில்லை. 1968இல் ஹாக்மேனின் தனி இதழ் 27ஆம் எண்ணோடு நின்றது. உடலைச் சுருக்கிக்கொள்ளும் இன்னொரு நாயகனான ஆட்டத்தின் (Atom) இதழ் ‘தி ஆட்டம்’ 38ஆம் எண்ணில் இருந்தது. இருவரையும் ஒரே அட்டைக்குள் போட்டு, ஆட்டத்தின் எண்ணையே தொடர்ந்தார்கள். 39 முதல் 45 வரை ஏழே இதழ்கள். 1969இல் அந்த ஆட்டமும் முடிந்தது.

எது அசல் என்றால், இரண்டும்தான். முதலில் வந்தவன் எகிப்துக்காரன். ‘ஃபிளாஷ் காமிக்ஸ்’ முதல் இதழ், அட்டையில் ஜனவரி 1940. கடைக்கு வந்தது 1939 நவம்பரில். சிலர் 1939 என்றும் சிலர் 1940 என்றும் எழுதுவது இதனால்தான். கதை கார்ட்னர் ஃபாக்ஸ், ஓவியம் டென்னிஸ் நெவில். நான்காம் இதழிலிருந்து ஷெல்டன் மோல்டாஃப் வரைந்தார். கார்ட்டர் ஹால் பழைய ஆயுதங்கள் சேகரிப்பவன். முற்பிறவியில் கூஃபு என்ற இளவரசனாக இருந்து, ஹாத்-செட் என்ற பூசாரியின் கையால் செத்தவன். அவனைத் தூக்குவது இறக்கை அல்ல, புவியீர்ப்பை எதிர்க்கும் ‘ஒன்பதாம் உலோகம்’. இறக்கை திசைதிருப்ப மட்டுமே. பின்னால் வந்த பெரும்பாலான வடிவங்களிலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 3 முதல் 57 வரை, ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் அணியின் ஒரு கதையைக்கூடத் தவறவிடாத ஒரே உறுப்பினன் இவன்தான். 1951இல் அந்த இதழ் நின்றதும் இவனும் நின்றான்.

பத்து வருடம் கழித்து, ஃபிளாஷையும் கிரீன் லாண்டர்னையும் அறிவியல் புனைவுச் சட்டை மாட்டி மறுபடி இறக்கிய ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், இவனுக்கும் அதையே செய்தார். ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ 34ஆம் இதழ், 1961. எழுதியவர் அதே ஃபாக்ஸ், ஓவியம் ஜோ கூபர்ட். கட்டார் ஹோலும் மனைவி ஷாயராவும் ஒரு குற்றவாளியைத் துரத்திக்கொண்டு பூமிக்கு வருகிறார்கள். மிட்வே நகர அருங்காட்சியகத்தில் ‘கார்ட்டர் ஹால்’ என்ற பெயரில் வேலைக்குச் சேர்கிறார்கள். கவனியுங்கள், பழையவனின் அதே பெயர்! கையில் கிடைக்கும் இதழில் அந்தப் பெயரை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யக்கூடாது. மிட்வே நகரம் என்றால் பெரும்பாலும் போலீஸ்காரன். 2002 தொடரின் செயின்ட் ரோக் நகரம் என்றால் எகிப்துக்காரன். 34 முதல் 36, பிறகு 42 முதல் 44 என இரண்டு முறை வெள்ளோட்டம் விட்டும் தனி இதழ் கிடைக்கவில்லை. ‘மிஸ்டரி இன் ஸ்பேஸ்’ இதழில் மர்ஃபி ஆண்டர்சன் வரைந்த பிறகுதான், 1964இல், கிடைத்தது. ஆண்டர்சனின் கோடு சுத்தமானது. ஆனால் கூபர்ட் வரைந்த இறக்கைகளில்தான் கனம் தெரியும்.

இனி உங்கள் ‘யார் செய்தது’. டிசியின் பல உலகங்களை ஒன்றாக்கிய 1985-86இன் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடர் மீது பலரும் பழி போடுவார்கள். அது சரியல்ல. அதற்குப் பிறகும் இரண்டு ஹாக்மேன்களும் இருந்தார்கள், கதைகள் வந்தன. 1989இல் டிமோத்தி ட்ரூமனின் ‘ஹாக்வேர்ல்ட்’ மூன்று இதழ்கள் வந்தன. மேலே கோபுரங்களில் செல்வந்தர்கள், கீழே சேரியில் பிற கிரகத்து மக்கள், நடுவில் போதைக்கு அடிமையான ஒரு இளம் போலீஸ்காரன். ஹாக்மேன் பெயரில் வந்தவற்றில் ஆகச் சிறந்தது இது என்பேன். பழைய நாட்களில் நடந்ததாக வைத்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. 1990இல் அதையே மாதாந்திரத் தொடராக்கியபோது, கட்டார் பூமிக்கு வருவதே ‘இப்போதுதான்’ என்று வைத்துவிட்டார்கள். கோளாறு அந்த ஒரு முடிவில்.

அப்படியானால் இத்தனை வருடம் ஜஸ்டிஸ் லீக் என்ற பிற்கால நாயகர் அணியில் பறந்தவன் யார்? ஆரம்ப லீக்கில் இருந்தவன் எகிப்துக்காரன் என்றார்கள். பிற்பாடு இருந்தவன் ஃபெல் ஆண்டார் என்ற தானகர் உளவாளி என்றார்கள். ஓட்டுக் கூரையில் ஒரு ஒழுகலை அடைக்க ஏறினால் பக்கத்து ஓடு நகருமே, அதே கதை. 1994இல் ‘ஜீரோ அவர்’ கதையில் எல்லாரையும் ஒரே உடம்பில் சேர்த்து ஒரு பருந்து தேவதையாக்கியது அடுத்த ஒட்டு. 1993இல் தொடங்கிய தொடர் 1996இல் நின்றது. அதன் பிறகு சில ஆண்டுகள் இந்தப் பாத்திரத்தைத் தொடவே எழுத்தாளர்கள் தயங்கினார்கள்.

மீட்டது 2001இன் ‘ஜேஎஸ்ஏ’ (ஜஸ்டிஸ் சொசைட்டியின் புதிய தொடர்) 23 முதல் 25 வரையிலான இதழ்கள். நீங்கள் படித்த 2002 தொடர் அதன் தொடர்ச்சி, அதனால் முதலில் இந்த மூன்றையும் படித்துவிடுங்கள். கார்ட்டருக்கு முற்பிறவிகள் நினைவிருக்கின்றன, அவன் இணையான ஹாக்கேர்ள் கெண்ட்ராவுக்கு இல்லை. கெண்ட்ரா ஏன் கார்ட்டரை அப்படித் தவிர்க்கிறாள் என்பது அப்போது விளங்கும். அந்தத் தொடர் 49ஆம் இதழ் வரைதான் ஹாக்மேன். 50இலிருந்து 66 வரை அதே எண்ணில் ‘ஹாக்கேர்ள்’ என்று பெயர் மாறும்.

அதற்கடுத்து 2018இல் ராபர்ட் வெண்டிட்டி எழுதிய 29 இதழ்கள். கார்ட்டர் காலம் கடந்து மட்டுமல்ல, இடம் கடந்தும் பிறக்கிறான், கட்டார் ஹோலும் அவன் பிறவிகளில் ஒன்று என்று ஒரே வரியில் முடிச்சை அவிழ்த்தார். 1961இன் கதைகளை இதற்குப் பிறகு படித்தாலும் கெட்டுப்போகாது. 2011இன் ‘சாவேஜ் ஹாக்மேன்’ பக்கம் போகவேண்டாம்.

வாங்கும்போது ‘ஹாக்மேன் 1’ என்று மட்டும் தேடாதீர்கள். 1964, 1986, 1993, 2002, 2018 என ஐந்து ‘முதல் இதழ்கள்’ இருக்கின்றன. வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். அறுபதுகளின் கதைகளுக்கு ‘ஷோகேஸ் பிரசன்ட்ஸ்’ இரண்டு தொகுதிகள் உண்டு, ஆனால் கறுப்பு வெள்ளை. கூபர்டுக்கு அது பொருந்தும். வண்ணம் வேண்டுமென்றால் வேறு பதிப்புதான் பார்க்கவேண்டும்.