கம்போஸ்ட் டீ (மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்று ஊதி நுண்ணுயிர்களைப் பெருக்கிச் செடிகளுக்கு விடும் கரைசல்) தயாரிக்கும் வாளி, குழாய், ஏர் பம்பை எப்படிச் சுத்தம் செய்வது? வெந்நீரில் அலசியும் புளித்த வாடை போகவில்லையே?

அந்த வாடை பெரும்பாலும் வாளியிலிருந்து வருவதில்லை. குழாயின் முனையில் மாட்டியிருக்கும், காற்றைச் சிறு குமிழ்களாகப் பிரிக்கும் காற்றுக்கல்லை எடுத்து முகர்ந்து பாருங்கள். மண்புழு உரமும் வெல்லமும் கலந்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கும் கல் அது. அதன் நுண்துளைகளுக்குள் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே பிரஷ் போகாது. காற்று எட்டாத அந்த இடுக்குகளில் வேண்டாத பாக்டீரியாக்கள் தங்கி, அடுத்த முறை ஊற்றும் நல்ல தண்ணீருக்குக் கெட்டுப்போன உறை மோர் போல வேலை செய்கின்றன.

என் மாடித் தோட்டத்தில் காற்றுக்கல்லே கிடையாது. அரை அங்குல பிவிசி குழாயில் மெல்லிய துளைகள் போட்டு, இரு முனைகளிலும் மூடி போட்டு, வாளியின் அடியில் கிடத்தியிருக்கிறேன். மூடியையும் எல்போவையும் (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு) பசை போட்டு ஒட்டக் கூடாது. இறுக்கிச் செருகினால் போதும். எல்லாவற்றையும் கையால் கழற்ற முடிய வேண்டும், அதுதான் முக்கியம். கயிற்றில் துணி முடிந்து குழாய்க்குள் விட்டு இரண்டு முறை இழுத்தால் பழுப்பு நிறச் சளி திரண்டு வரும்.

கழுவும் நேரமும் முக்கியம். டீயை வடித்த கையோடு கழுவிவிடுங்கள். படலம் காய்ந்து இறுகிவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. தேய்க்கத் தேங்காய் நார் போதும். கம்பி நார் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலே அழுக்குக்குக் குடியிருப்பாகிவிடும்.

தேய்த்து அலசிய பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை எல்லா இடத்திலும் தெளியுங்கள். எங்கே நுரை பொங்குகிறதோ, அங்கே இன்னும் படலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். உயிரணுக்களில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுவதால்தான் அந்த நுரை. வாளியின் பக்கங்களில் ஒன்றும் இராது. கைப்பிடி மாட்டும் குழியிலும் குழாய்த் துளைகளின் ஓரத்திலும் வெள்ளையாகப் பொங்கும். அங்கே மறுபடி தேயுங்கள். பத்து நிமிடம் விட்டு அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் அடுத்த டீக்குப் பயமில்லை.

பிளீச்சிங் பவுடரும் கிருமியைக் கொல்லும். ஆனால் நன்றாக அலசாவிட்டால் மிச்சமிருக்கும் குளோரின், நீங்கள் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் துளைகளில் வெள்ளைப் படிவு அடைக்கும். அதற்கு வினிகரில் ஓர் இரவு ஊற வைக்கலாம். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பெராக்சைடையும் இவை இரண்டோடும் கலக்க வேண்டாம்.

ஏர் பம்பை வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் போகும்போது டீ குழாய் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைக் கெடுத்துவிடும். சில பம்புகளின் அடியில் சின்னப் பஞ்சு வடிகட்டி இருக்கும். அதில் தூசி அடைந்தாலும் காற்று குறையும். கழற்றித் தட்டி வையுங்கள். உரத்தைக் கட்டித் தண்ணீரில் ஊறவிடும் பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி அலசுங்கள். தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றி, நாசிலைக் கழற்றிவிட்டு, தெளிவாக வரும்வரை அடியுங்கள். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உரத்தில் சரியாக மட்காத சாணம் இருந்து, வெல்லமும் சேர்த்தால், நல்ல பாக்டீரியாவோடு, நோய் உண்டாக்கக்கூடிய ஈ.கோலை பாக்டீரியாவும் பெருக வாய்ப்பு உண்டு. எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும், பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா இலைகளின் மேல் நான் டீயைத் தெளிப்பதில்லை; அவற்றுக்கு வேரில் மட்டும்தான் ஊற்றுகிறேன்.