வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: ஜீவாவும் சொந்த ஊரும்

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) 1952 தேர்தலில் சென்னை வண்ணாரப்பேட்டையில் நின்றார். ஊரில் ஆதரவு இல்லாததால்தான் அங்கே போனார் என்று சிலர் சொல்வது சரியா? (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: சரியன்று. 1952-இல் பூதப்பாண்டி சென்னை மாநிலத்திலேயே இல்லை. பூதப்பாண்டி அடங்கிய தோவாளையும் அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையுமான நான்கு தாலுகாக்களும் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அவை தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான். ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுபவர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்பது சட்டம். இளமையிலேயே ஊரை விட்டுப் புறப்பட்டுச் சென்னை மாநிலத்தில் பொதுவாழ்வு நடத்திய ஒருவர், ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் நிறைந்த வடசென்னையில் நின்றதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. அந்தத் தேர்தலில் அவர் வென்றார். அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது.

ஊரை அவர் விட்டதற்குக் காரணம் வேறு. 1907-இல் சொரிமுத்து என்ற பெயரில் பிறந்த அவர், தாழ்த்தப்பட்ட சமூகத்து நண்பனை அவன் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த தெருவுக்குள் அழைத்துச் சென்றார். அதனால் எழுந்த பகையே வீட்டோடு அவருக்கிருந்த பிணக்கை முற்றச் செய்தது. பிறகு சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து அங்கிருந்தும் வெளியேறினார். கூலி உயர்வையும் தொழிற்சங்கத்தையும் பற்றி அவர் பேசத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். அவருடைய கொள்கைக்கு வேர் நூல்களில் மட்டும் இல்லை, பூதப்பாண்டித் தெருவிலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகையால் ஊரார் அவரை அந்நியராக நினைக்கத் தேவையில்லை.

கேள்வி: 1954-இல் சோஷலிஸ்ட் ஆட்சியில்தான் எங்கள் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜீவாவும் சோஷலிஸ்ட் என்கிறார்களே, அந்தக் கட்சியா? (வாசகர், புதுக்கடை)

பதில்: இல்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள் சுடப்பட்டபோது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளை பிரஜா சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். அது நடக்கவில்லை, கட்சி உடைந்ததற்கு அந்தப் பிணக்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் மக்கள் சிந்திய இரத்தத்துக்காகத் தம் கட்சியின் ஆட்சியையே இழக்கத் துணிந்த அந்தக் குரலையும் நாம் மறக்கக் கூடாது.

ஜீவா சோஷலிஸ்டாக இருந்தது அதற்கு முன்பு. 1930-களின் தொடக்கத்தில் பெரியாரும் பொதுவுடைமையாளர் சிங்காரவேலரும் சமதர்ம, அதாவது சோஷலிசத் திட்டத்தை முன்வைத்தபோது அவர் அதன் முழக்கமாக இருந்தார். அரசின் அடக்குமுறைக்குப் பிறகு பெரியார் அந்தப் பிரச்சாரத்தைத் தளர்த்தியதை ஏற்காமல் பிரிந்து, காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாகப் பொதுவுடைமைக் கட்சிக்கு வந்தார். கட்சி மாறியபோதும் சாதி ஒழிப்பை அவர் கைவிடவில்லை. ஆனால் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற திராவிட இயக்கத்தாரின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. கம்பனும் பாரதியும் உழைக்கும் மக்களின் சொத்து என்று மேடைதோறும் பேசினார். சட்டமன்றத்தில் தமிழிலேயே பேசினார். ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் கல்வியிலும் தமிழே இருக்க வேண்டும், மொழிவழியில் மாநிலங்கள் அமைய வேண்டும் என்று வாதாடினார். உங்கள் ஊரில் 1954-இல் திரண்டவர்கள் கேட்டதும் அந்த மொழிவழி மாநிலத்தைத்தான்.