சினிமாவில் ஊட்டி இரவு ஏன் கனவு போலத் தெரிகிறது?

நேரில் கும்மிருட்டாக இருக்கும் ஊட்டி இரவு, படத்தில் மட்டும் எப்படி நீலமாய், கனவு மாதிரி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி வேலையை மூடுபனியே பார்த்துக்கொள்கிறது. ராத்திரி கோத்தகிரி சாலையில் எதிரே லாரி வந்தால் கவனியுங்கள்: ஹெட்லைட் வெளிச்சத்தில் பனி சுருள் சுருளாக நகரும், லாரி கடந்ததும் ஒன்றுமே தெரியாது. பனித்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. அதனால்தான் ஒளிப்பதிவாளர்கள் பெரிய விளக்கை கிரேனில் ஏற்றி, நடிகருக்குப் பின்னால், கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு அப்பால் நிறுத்துகிறார்கள். மரங்கள் கருநிழலாகிவிடும், ஆளின் விளிம்பு மட்டும் மின்னும். அதையே கேமரா பக்கம் வைத்தால் வெள்ளைச் சுவர்தான்!

நீலம் பெரும்பாலும் ஏற்பாடு. கேமராவை 3200 கெல்வினில் (மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கான நிற அளவு) வைத்துவிட்டு 5600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) விளக்கைப் போட்டால் போதும். நிலவொளி என்னவோ சூரிய ஒளியின் பிரதிபலிப்புதான், அதில் தனியாக நீலம் கிடையாது. ஆனால் மங்கலில் வேலை செய்யும் நம் கண்ணின் குச்சி செல்களுக்கு நீலப்பச்சைதான் நன்றாகப் பிடிபடும், அதனால் நம்பிவிடுகிறோம்.

அப்புறம், பழைய படங்களின் சில இரவுகள் பட்டப்பகலில் எடுத்தவை. வெளிச்சத்தைக் குறைத்து, நீல ஃபில்டர் போட்டு, வானத்தை மட்டும் சட்டகத்துக்குள் விடமாட்டார்கள். காட்டிக்கொடுத்துவிடும்.