கேள்வி பதில்: சுற்றிக்கொண்டே இருக்கும் திருகாணிகள்

மரச்சாமான்களில் தளர்ந்துபோகும் திருகாணிகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, தச்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் இங்கே பதில் எழுதுகிறேன்.

செங்காங் உறுப்பினர்: சமையலறை அலமாரிக் கதவின் கீல் தொங்குகிறது. திருகாணி இறுகாமல் சுற்றுகிறது. பெரியதாக ஒன்று போடலாமா?

வேண்டாம். உங்கள் திருகாணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பிடித்திருந்த பலகைதான் தூளாகிவிட்டது. சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சமையலறை அலமாரிகளில் பல, மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய சிப்போர்டால் ஆனவை. அதில் நீளமான நார் கிடையாது என்பதால், திருகாணியின் புரி (சுற்று வரிகள்) ஒருமுறை அரித்துவிட்டால் அந்த இடம் மறுபடி பிடிப்புக் கொடுக்காது. தடித்த திருகாணி போட்டால் பலகை உப்பி வெடிக்கும். நீளமானதைப் போட்டால், கதவின் தடிமன் பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர்தான் என்பதால், அதன் முனை முன்பக்கத்தில் எட்டிப்பார்க்கும்.

கீலைக் கழற்றித் துளையிலுள்ள தூளை ஊதி அகற்றுங்கள். டிரில் முனையில் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு, 6 அல்லது 8 மில்லிமீட்டர் அகலத்தில் துளையைச் சீராகப் பெருக்குங்கள். அதே அளவுள்ள உருளை மர ஆப்பை வெள்ளை மரப்பசையில் தோய்த்து அடித்து இறக்கி, மேற்பரப்போடு சமமாகச் சீவி, ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் அதன் நடுவில் 2.5 மில்லிமீட்டர் வழித்துளை போட்டு, பழைய 3.5 மில்லிமீட்டர் திருகாணியையே முடுக்கலாம். கடைசி இரண்டு சுற்றைக் கையால்தான் முடுக்க வேண்டும். என்னிடம் வந்த பழுதுகளில் பாதி, மின் திருப்புளி செய்த வேலை.

யீஷூன் உறுப்பினர்: பல்குத்தும் குச்சி போதாதா?

தேக்கு போன்ற கட்டிமரமாக இருந்தால் போதும். இரண்டு மூன்று குச்சிகளைப் பசையோடு நெருக்கிச் செருகி, பசை காய்ந்தபின் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அது பசையை ஒட்டவிடாது. ஆகையால் துளையை முதலில் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். சத்தே இறைச்சியைக் கோத்துச் சுடும் குச்சியும் உதவும், ஆனால் புதிய குச்சி. சாப்பிட்டு முடித்த குச்சியைக் கழுவி வைத்திருந்தாலும் அதில் ஊறிய எண்ணெய் பசையை ஒட்டவிடாது.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்: என் தந்தையார் பசையே இல்லாமல் தீக்குச்சி செருகினார். அந்தக் கட்டில் இருபது ஆண்டுகள் நின்றது. பசை வீண்செலவு.

உங்கள் தந்தையாரின் கட்டில் எந்த மரம் என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டிமரத்தில் துளையின் சுவர் உறுதியானது. தீக்குச்சி அங்கே ஆப்பாக நெருக்குவதால் பசையில்லாமலும் பிடிக்கும். சிப்போர்டில் சுவரே பொடி, ஆகவே நெருக்கினால் அது மேலும் உதிரும். பசைதான் துகள்களை மீண்டும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரே வைத்தியத்தை இரண்டு பலகைகளுக்கும் சொல்வது பொருந்தாது.

பிடோக் உறுப்பினர்: அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பசை போட்டால் பிறகு கழற்ற முடியாதே?

பசை ஆப்புக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிறது. அது காய்ந்தபிறகுதானே திருகாணி உள்ளே போகிறது? புரியில் சிறிது சவர்க்காரம் தடவினால் இன்னும் எளிதாகக் கழலும்.

ஜூரோங் வெஸ்ட் உறுப்பினர்: உருளை ஆப்பில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. திருகாணி நாருக்கு இணையாக இறங்கினால் பிடிப்பு குறையும் அல்லவா?

இந்த விவாதத்தில் மரத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் நீங்கள்தான். உண்மையில் குறையும். நாருக்குக் குறுக்காக வெட்டியெடுத்த ஆப்பு இதைவிட நன்றாகப் பிடிக்கும், என் பட்டறையில் கனமான கதவுகளுக்கு அதையே வெட்டிக்கொண்டேன். சமையலறைக் கதவின் எடைக்குக் கடையில் வாங்கும் உருளை ஆப்பே தாங்குவதால், வீட்டில் செய்பவரை அதற்கு மேல் சிரமப்படுத்த விரும்பவில்லை.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்: இருந்தாலும் இருபது ஆண்டு நின்றதே?

நின்றது. அது நல்ல மரம்.

பொங்கோல் உறுப்பினர்: படுக்கையறை அலமாரியின் கீல் ஆடுகிறது. என்ன செய்வது?

செங்காங் உறுப்பினருக்கு எழுதியதைப் படியுங்கள்.

புக்கிட் பாத்தோக் உறுப்பினர்: என்னுடையதும் கீல்தான், ஆனால் வெள்ளை நிறக் கதவு.

நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. செங்காங் பதில். கடைசி இரண்டு சுற்று கையால்.

தெம்பனிஸ் உறுப்பினர்: சன்னல் கதவின் இணைப்பும் தளர்ந்திருக்கிறது. அதே முறைதானா?

இல்லை, அதில் நீங்கள் கைவைக்கவே கூடாது. வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களின் அலுமினியத் தறையாணிகளை (ரிவெட்)த் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டும் என்பது 2004 முதல் இங்கே சட்டம். அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்ததாரரை அழையுங்கள்.

குவீன்ஸ்டவுன் உறுப்பினர்: சாப்பாட்டு மேசை நாற்காலி மாதம் ஒருமுறை தளர்கிறது. ஒவ்வொரு முறையும் இறுக்குகிறேன்.

இறுக்குவதை நிறுத்துங்கள். பெரும்பாலான நாற்காலிகளில் கால் ஆடுவதற்குக் காரணம் பொருத்தில் பசை விட்டுப்போவதே. திருகாணி அந்த ஆட்டத்தைச் சில வாரங்களுக்கு மறைக்கிறது, அவ்வளவுதான். இரவில் குளிர்சாதனத்தில் உலர்ந்து பகலில் ஈரக்காற்றில் உப்பும் மரம் அந்த வேலையை விரைவுபடுத்தும். பொருத்தை முழுவதும் பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப்பசையிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் விடுங்கள்.

ஆங் மோ கியோ உறுப்பினர்: திருகாணியைக் கழற்றியதும் துளையிலிருந்து ரவை போல ஏதோ கொட்டுகிறது. பசை போடலாமா?

போடாதீர்கள். அரைத்த மாவு போல இருந்தால் வெறும் மரத்தூள். தனித்தனி மணிகளாக உருண்டால் அது உலர்மரக் கறையானின் எச்சமாக இருக்கலாம். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரிடம் காட்டுங்கள். பலகை மிஞ்சினால் திருகாணியைப் பற்றிப் பிறகு பேசலாம்.