பிரிவு மாற்றம்: பள்ளியை மாற்றும் முன்

அறுபது மதிப்பெண் எடுக்கும் மகளைப் படிப்பில் ‘பின்தங்கிய பிரிவில்’ போட்டுவிட்டார்கள், பள்ளியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். முதலில் விடைத்தாள்களை வாங்கிப் பாருங்கள். பாடம் தெரியாமல் விட்டாளா, நேரம் போதவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தாளா? என் பையனுக்குக் கணக்கில் பாதிப் பிழை பின்னத்தில்தான். இரண்டு வகுப்புக்கு முன்பே விட்டுப்போனது. (கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது!) போதிய நேரமும் உதவியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறுவார்கள் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968-லேயே எழுதினார்.

அப்புறம், பிரிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். எந்தத் தேர்வில் எவ்வளவு எடுத்தால் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். அப்படி ஒரு வழியே இல்லை என்றால், சரி, வேறு பள்ளி பாருங்கள்.