வேறு ஊரிலிருந்து ஆபீஸ் சர்வரில் வேலை பார்ப்பது எப்படி?

கேள்வி: குடும்பச் சூழ்நிலையால் வேறு ஊருக்கு வந்துவிட்டேன், வேலை மட்டும் பழைய ஆபீஸில்தான். அங்கே விண்டோஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. ஆபீஸில் இருந்தவரை ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறு கம்ப்யூட்டரின் திரையை நம் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கும் வசதி) சர்வரின் முகவரியான 192.168.1.10 என்று அடித்தால் உடனே திறக்கும், இங்கிருந்து அடித்தால் திறக்கவில்லை. ஆபீஸ் ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டாப் வந்து போகும் வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். நண்பர் சொன்னபடி செய்தால் கனெக்ஷன் கிடைத்துவிடும், அதனால்தான் பல ஆபீஸ்களில் இதைச் செய்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த போர்ட் உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் திறந்துவிடும். இன்டர்நெட்டில் இருக்கும் எல்லா ஐபி முகவரிகளையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ஏராளம், திறந்திருக்கும் 3389 சீக்கிரமே அவற்றின் கண்ணில் பட்டுவிடும். ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் சர்வரில் நடப்பதைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அது தோல்வியடைந்த லாகின் முயற்சிக்கான எண். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட் என்று உங்கள் ஆபீஸில் யாருமே அடிக்காத பெயர்கள் வரிசையாக நிற்கும். போர்ட் எண்ணை மட்டும் வேறாக மாற்றி வைத்தாலும் தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது, பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புக அது வழி கொடுத்தது. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட் அப்போது அப்டேட் கொடுத்தது என்றால் ஆபத்து எவ்வளவு பெரியது என்று புரியும்.

சரி, அப்புறம் என்ன வழி? முதலில் விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியே ஆபீஸுக்குப் போகும் பூட்டிய தனிப் பாதை. அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். 192.168 என்று தொடங்கும் முகவரி அந்தந்தக் கட்டடத்துக்குள் மட்டுமே செல்லும், அதனால்தான் இங்கிருந்து திறக்கவில்லை. விபிஎன் போட்டால் உங்கள் லேப்டாப் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே இருப்பது போல ஆகிவிடும், பழையபடி அதே 192.168.1.10 அடிக்கலாம். விபிஎன் சாஃப்ட்வேர்களில் நான் வயர்கார்டைத்தான் சொல்வேன். சரியான கீ (ரகசியக் குறியீடு) இல்லாமல் வருகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது, எனவே வெளியிலிருந்து தட்டுகிறவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனிக் கீ கொடுங்கள், ஒன்று தொலைந்தால் அந்தக் கீயை மட்டும் நீக்கினால் போதும். ஆபீஸில் நெட்வொர்க் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி, அவர் கையாலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு இடங்களில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால், லேப்டாப்புக்கு அந்த 192.168.1.10 எந்தப் பக்கம் இருக்கிறது என்று குழப்பம் வரும். விபிஎன் கனெக்ட் ஆனதாகக் காட்டும், சர்வர் மட்டும் வராது. வீட்டு ரவுட்டரில் வரிசையை 192.168.57 போல யாரும் அதிகம் வைக்காத ஒன்றாக மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ஆபீஸ் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அந்த இன்டர்நெட் இணைப்புக்குத் தனி பப்ளிக் ஐபி இல்லை, வெளியிலிருந்து நேரடியாக அதற்குள் வர முடியாது. இணைப்பு தருகிறவரிடம் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) கேளுங்கள், இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வயர்கார்டை வைத்து ஓடுவதுதான், ஆனால் இரண்டு பக்கமும் வெளியே நோக்கிக் கனெக்ட் ஆவதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: விபிஎன் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சர்வரின் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும் கணக்கு ஃபைலை என் லேப்டாப்பில் திறந்தால் நிமிடக்கணக்கில் காக்க வைக்கிறது. இன்டர்நெட் வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டினாலும் பெரிதாக மாறாது. இங்கே காரணம் வேகம் அல்ல, தூரம். கணக்கு சாஃப்ட்வேர் ஒரு ஃபைலைத் திறக்கும்போது சர்வரிடம் சின்னச் சின்னதாக ஆயிரம் தடவை கேட்டு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் போய்வர 40 மில்லி செகண்ட் என்றால் அதற்கே 40 செகண்ட் போய்விடும். ஆபீஸுக்குள் அந்தப் போய்வரும் நேரம் ஒரு மில்லி செகண்ட் கூட இருக்காது என்பதால் அங்கே உங்களுக்கு இது தெரிந்திருக்காது. அதைவிட எனக்குக் கவலை, பாதி எழுதும்போது லைன் போனால் ஃபைலே கெட்டுப்போகலாம் என்பதுதான். சாஃப்ட்வேரை சர்வரிலேயே ஓடவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திரையை மட்டும் பாருங்கள். லைன் போனாலும் சர்வரில் வேலை அப்படியே நிற்கும், திரும்பக் கனெக்ட் செய்தால் விட்ட இடத்திலேயே கர்சர் இருக்கும். ஒரு விஷயம்: விண்டோஸ் சர்வர் நிர்வாக வேலைக்கென்று ஒரே நேரத்தில் 2 பேரைத்தான் விடும், தினசரி வேலைக்குப் பலர் வர வேண்டுமென்றால் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கேள்வி: சர்வர் ஆஃப் ஆகிவிட்டால் இங்கிருந்து ஆன் செய்ய முடியுமா?

பதில்: எல்லா நேரத்திலும் முடியும் என்று சொல்ல முடியாது, அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரை) ஒரு செட்டிங் உண்டு, ஆபீஸில் யாராவது அதை மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வேலை முடிந்ததும் ஷட் டவுன் பக்கமே போகாமல் சைன் அவுட் மட்டும் செய்யுங்கள். சர்வரின் ஃபயர்வாலையோ (பாதுகாப்புத் தடுப்பு) ஐபி முகவரியையோ மாற்றும்போது உங்கள் கனெக்ஷனே அறுந்துபோகலாம், அதனால் சர்வரின் பக்கத்தில் ஒருவர் போனோடு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மாற்றுங்கள்.