லேப்டாப் பேக் எது வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். பையர் மீட்டிங்னு அடிக்கடி டெல்லி, மும்பை பிளைட்ல போக வேண்டியிருக்கு. 15.6 இன்ச் லேப்டாப், சார்ஜர், சாம்பிள் துணி எல்லாத்தையும் ஒரே சைடு பேக்ல போட்டு மாட்டி ஒரு பக்க தோள்பட்டை போயே போச்சு. பேக்பேக் வாங்கலாமா, காலேஜ் பையன் மாதிரி தெரியுமோ?
- வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமா பேக்பேக்கே வாங்குங்க. கறுப்பு இல்லன்னா டார்க் கிரேல, தொங்கல் எதுவும் இல்லாம பெட்டி மாதிரி நிக்கிறதா பாத்து எடுத்தா எந்த பையர் ஆபீஸுக்கும் போலாம், இப்ப மேனேஜருங்களே அதத்தான் மாட்டிட்டு வர்றாங்க. வலியோட போராடிக்கிட்டு மீட்டிங்ல உக்காரணும்னு என்ன இருக்கு?

ஆனா சாம்பிள அதுல திணிக்காதீங்க, கேபினுக்கு எடுத்துட்டுப் போற ட்ராலி பேக்ல போடுங்க. துணி அமுக்குற அமுக்குல ஸ்கிரீன் கீறல் விட்டுடும், அது ஒண்ணு. இன்னொண்ணு வெயிட். இண்டிகோல கேபின் பேக் 7 கிலோ, அதுபோக லேப்டாப் பேக்குக்கு 3 கிலோ வரைக்கும்தான். உங்க லேப்டாப்பே ரெண்டு கிலோ கிட்ட இருக்கும், சார்ஜர் வேற, அப்ப காலி பையே ஒண்ணேகால் கிலோ இருந்தா கணக்கு எங்க நிக்கும்? அதனால கடையில மொதல்ல காலி பைய கைல தூக்கிப் பாருங்க.

அடுத்து அடிப்பாகம். இத யாருமே பாக்கறதில்ல, எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான். லேப்டாப் வைக்கிற உறைக்குள்ள கைய விட்டுப் பாருங்க, உறை பையோட அடி வரைக்கும் போகாம ஒரு இன்ச்சாவது மேலயே நின்னுடணும். அப்பதான் ஏர்போர்ட்ல டொம்முனு கீழ வெச்சாலும் லேப்டாப் மூலை தரையில மோதாது. முன்னாடி பக்கம் எத்தன பாக்கெட் இருந்தாலும் இது இல்லன்னா வேணாம்னு வெச்சுட்டு வந்துடுங்க. 15.6னு லேபிள்ல போட்டிருக்கறத நம்பாதீங்க, அது ஸ்கிரீனோட மூலைக்கு மூலை அளவு மட்டும்தான், பழைய மாடல்னா ஓரம் அகலமா இருக்கும், அதனால லேப்டாப்ப கையோட கொண்டு போய் உள்ள வெச்சு ஜிப் மூடிப் பாத்து வாங்குங்க. தோள் பட்டி பையோட சேர்ற எடத்துல நல்லா இழுத்துப் பாருங்க, அங்கதான் மொதல்ல பிரியும். முதுகுப் பக்கம் ட்ராலி கைப்பிடில மாட்ற பட்டை இருந்தா பாதி தூரம் தோளுக்கு ரெஸ்ட்.

செக்யூரிட்டில லேப்டாப்ப வெளிய எடுத்து ட்ரேல வைக்கச் சொல்லுவாங்க, அதனால அதுக்குத் தனி ஜிப் இருக்கணும். பவர் பேங்க் எப்பவும் இந்தப் பைலதான், செக்கின் லக்கேஜ்ல போடக் கூடாது. 100 வாட் ஹவர் (பேட்டரி எவ்வளவு சக்திய சேத்து வைக்கும்ங்கற அளவு) வரைக்கும் பிரச்சனை இல்ல, சாதாரண 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் ஹவர்தான் வரும். பிளைட் ஃபுல்லா இருந்தா கேட்லயே ட்ராலிய வாங்கி கீழ செக்கின் லக்கேஜோட போட்டுடுவாங்க, அந்த நேரத்துல பவர் பேங்க் அதுக்குள்ள மாட்டிக்கக் கூடாது.

கேள்வி: லெதர் பேக் கம்பீரமா இருக்குமே?
- வாசகி, சென்னை

பதில்: இருக்கும், ஆனா கனம். நம்ம ஊர் ஈரப்பதத்துல பீரோக்குள்ள வெச்சா பூஞ்சை பிடிக்கும். ரெக்சின் ரகம்னா ரெண்டு மூணு வருஷத்துல தோல் உரிய ஆரம்பிச்சுடும். நைலான் வாங்குங்க, கூட மழை உறை உள்ளதா பாருங்க, துணி தண்ணிய தாங்கினாலும் ஜிப் வழியா உள்ள போயிடும்.